ஐந்து பொட்டு

ஒட்டன்சத்திரம் சாலையில் டிரைவர் இல்லாத லாரியை முதன்முதலில் கடத்திக்கொண்டு போனது ஒரு பழைய மொபெட்.

அந்த லாரிகளை விட்ட 'இணைவழி' நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார்கள். லாரியின் நெற்றியில் இருக்கும் கண் எடுத்த படம். முன்னால் மொபெட் போகிறது. ஓட்டுகிறவன் தலையில் துண்டு, முதுகில் கயிறு போட்டுக் கட்டிய பலகை. பலகையில் ஐந்து வெள்ளிப் பொட்டு. மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று. அவன் வேகத்தைக் குறைத்தால் லாரியும் குறைக்கிறது. அவன் கையைக்கூடக் காட்டாமல் மண்பாதையில் திரும்புகிறான். லாரி ஒழுங்காக இண்டிகேட்டர் போட்டுத் திரும்புகிறது. ஒரு லாரித் தக்காளி, கன்றுக்குட்டி மாதிரி அவன் பின்னாலேயே போய்ப் புளியந்தோப்புக்குள் நின்றது.

மேலாளர் மணிவாசகத்துக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. "ராக்கெட்டுக்குச் செஞ்ச கண்ணும்மா இது. ஒரு துண்டு ப்ளைவுட்கிட்ட ஏமாந்து நிக்குது."

"ஏமாறலை சார். சொன்னதைச் செஞ்சிருக்கு," என்றாள் சுகந்தி.

இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்திருந்தவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "புரியற மாதிரி சொல்லுங்க. நான் காமர்ஸ்."

சுகந்தி இங்கே வருவதற்கு முன் விண்வெளி ஆய்வுக் கூடம் ஒன்றில் இருந்தவள். இரண்டு கலங்களை வானத்தில் ஒன்றோடொன்று சேர்க்கும் உணர்கருவி அவள் வேலை. இதை நூறு பேருக்காவது விளக்கியிருப்பாள்.

"முன்னால போற கலத்து உடம்புல கண்ணாடிப் பொட்டு இருக்கும். பின்னால வர்றது லேசர் அடிச்சுத் தேடும். பொட்டு மேல பட்ட வெளிச்சம் வந்த வழியே திரும்பி வரும். அஞ்சும் தெரிஞ்சா எவ்வளவு தூரம், எவ்வளவு சாய்வு, என்ன வேகம், எல்லாம் கிடைச்சிரும். வேகத்தைச் சரிபண்ணிக்கிட்டுக் கிட்டப் போயி ஒட்டிக்கும். லாரியும் அதேதான். முதல் லாரியில மட்டும் டிரைவர். பின்னால வர்றதெல்லாம் ஆளில்லாம, முன்வண்டி முதுகைப் பார்த்து ஓடும். மார்க்கெட்ல இருந்து தனியா கிளம்புற வண்டி, ரோட்டுல எந்தத் தொடர் போகுதுன்னு தேடி, ஓடிக்கிட்டே போய்ச் சேர்ந்துக்கும்."

"தனியா போற நேரத்துல எவன் பொட்டைக் காட்டினாலும் பின்னால போயிருமா?"

"போயிரும்."

"நல்ல பிள்ளையா வளர்த்திருக்கீங்க," என்றார் அவர்.

சுகந்தி திரைக்குக் கிட்டப் போனாள். அவள் பலகையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலப் பட்டை, அதன்மேல் மஞ்சள் பூ. அந்தப் பலகையைத் திருப்பிப் பார்த்தால் 'கருப்பசாமி துணை' என்று எழுதியிருக்கும். அவள் அண்ணன் முத்துக்காளையின் லாரி நெற்றியில் இருந்த பலகை அது. லாரி போன பிறகும் அவன் அதைக் கழற்றி வைத்திருந்தான். பொட்டு விஷயத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். தீபாவளிச் சாப்பாட்டில், இலையில் ஊறுகாயை ஐந்து இடத்தில் தொட்டுவைத்து அவன் பிள்ளைகளுக்கு விளக்கியிருந்தாள். அண்ணன் கேட்காத மாதிரி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான்.

*

"வாங்க சயின்டிஸ்ட் அம்மா," என்றான் முத்துக்காளை. வாசலில் மொபெட்டைப் படுக்கப்போட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். "ஆபீஸ்ல இருந்து நேரா வர்றியா? மூஞ்சி சரியில்லையே."

"பலகை எங்கண்ணே?"

"எந்தப் பலகை?"

"விளையாடாதே."

அவன் மனைவி பாண்டிச்செல்வி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "என்ன சுகந்தி?" என்றாள். "ஒண்ணுமில்லை மதினி" என்று சுகந்தி சொன்னதும் காபி போடப் போய்விட்டாள்.

முத்துக்காளை எண்ணெய்க் கையைத் துடைத்தான். "நான் எதையும் திருடலை. ரோட்டுல என் பாட்டுக்குப் போனேன். அது பின்னாலயே வந்துச்சு. வான்னு கூப்பிட்டேனா?"

"தக்காளியை யாரு இறக்கினது?"

"அது முனியப்பன்னு ஒருத்தன், அவன் ஆளுங்க. எல்லாம் வேலை போன டிரைவர்ங்கதான். இந்த ரோட்டுல என்னோட ஓட்டினவன் பூராவும் இன்னைக்கு என்ன பண்றான் தெரியுமா உனக்கு? ஒருத்தன் பரோட்டாக் கடையில மாவு பிசையறான். ஒருத்தன் பொண்டாட்டி கடையில உக்காந்து ஈ ஓட்டறான். ஆறு லாரிக்கு ஒரு டிரைவர்னு நீதான பண்ணினே?"

"நான் பண்ணலைன்னா இன்னொருத்தன் பண்ணியிருப்பான்."

"நான் ஓட்டிட்டுப் போகலைன்னாலும் இன்னொருத்தன் ஓட்டிட்டுப் போயிருப்பான்," என்றான் அவன்.

சுகந்தி விஷயத்துக்கு வந்தாள். "போலீஸைக் கூட்டிக்கிட்டுப் போயி அடுத்த வண்டியில ஒளிஞ்சு உக்கார வைக்கப் போறாங்க. நீ மாட்டினா ஜாமீன்கூடக் கிடையாது. பிள்ளைங்களை நினைச்சுப் பாரு."

அவன் செயினை ஒரு சுற்று சுற்றிவிட்டான். பிறகு எழுந்து, கோழிக்கூட்டுக்கு மேலே மூடியாகக் கிடந்த பலகையை எடுத்து வந்து அவளிடம் கொடுத்தான்.

"பொட்டை உரிச்சிரு. பலகையை மட்டும் திருப்பிக் கொடுத்துடணும், சொல்லிட்டேன். சாமி பேரு இருக்கு." கொஞ்சம் சிரித்தான். "இந்தத் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கலாம்னு இருக்கேன். இத்தனை வருசமா நடக்கறவங்களைப் பார்த்து ஹாரன் அடிச்சுக்கிட்டே போனேன். ஒரு தடவை நடந்துதான் பார்ப்போமே. இப்பத்தான் காலுக்கு வேலையே இல்லையே."

*

மறுநாளே சுகந்தி மணிவாசகத்திடம் போய்ச் சொன்னாள். திருடனைப் பிடிக்க வேண்டாம். போலிப் பலகையை லாரி மதிக்காமல் இருந்தால் போதும், திருட்டு தானாக நின்றுவிடும்.

"போலின்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"லாரி முதுகுல இருக்கிற பொட்டு ஒரே சீரா இருக்கும். மனுஷன் முதுகுல இருக்கிறது ஆடும். நடந்தாலும் ஆடும், மொபெட்ல உக்கார்ந்தாலும் ஆடும். ஆடினா போலி."

"போலின்னு தெரிஞ்சா? பிரேக் போடுமா?"

"பிரேக் போட்டா இன்னும் நல்லது திருடனுக்கு. நிக்கிற இடத்துலயே இறக்கிக்குவான். மறந்துடணும் சார். அப்படி ஒண்ணு இல்லைன்னே வச்சுக்கிட்டுப் போயிடணும்."

அது அவளுக்குப் புதிய யோசனை இல்லை. மேலே விண்வெளியில், கலத்தைச் சுற்றி வெள்ளித்தாள் கிழிசல்கள் மின்னிக்கொண்டே மிதக்கும். அவற்றைப் பொட்டு என்று நினைத்துக் கருவி தடுமாறக்கூடாது என்பதற்காக அவளும் அவள் குழுவும் ஒரு விதி எழுதியிருந்தார்கள். ஆடி மின்னுவது எதுவாக இருந்தாலும் அதையும், அதோடு ஒட்டியிருப்பதையும் படத்திலிருந்து துடைத்துவிடு. மேலே அது சரியான விதி. அங்கே கிழிசலுக்குப் பின்னால் வெறும் இருட்டுதான் இருக்கும்.

மணிவாசகம் முட்டாள் இல்லை. "பொட்டுக்குப் பின்னால ஆள் இருப்பானேம்மா," என்றார்.

"இருக்க மாட்டான் சார்."

"எப்படிச் சொல்றே?"

"வண்டி பின்னால வரலைன்னு ஒரு தடவை தெரிஞ்சா எவன் கட்டிக்கிட்டு வருவான்?"

அவள் மனதில் இருந்தது ஒரே ஒரு முதுகு. அந்த முதுகிலிருந்து பலகையை அவளே வாங்கி வந்துவிட்டாள். அந்த விதி அந்த வாரமே எல்லா லாரிகளிலும் ஏறியது.

மார்கழி கடைசியில் ஒரு மத்தியானம், கிடங்கு வாசலில் வேனில் வெள்ளித்தாள் சுருள்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லாரி முதுகுப் பலகைக்கு வெட்டியதில் ஓரம் பிசகிப் போனவை. எங்கே போகிறது என்று கேட்டாள். "பாதயாத்திரைக்காரங்களுக்கும்மா. முதுகுல ஒட்டிவிடுவாங்கல்ல, வண்டிக்காரங்களுக்குத் தெரியறதுக்கு. சும்மா கெடக்குறது நல்ல காரியத்துக்குப் போகட்டும்னு மேனேஜர் கொடுத்துட்டார்," என்றார் கிடங்குக்காரர். வருடா வருடம் யாராவது செய்வதுதான். நல்லது என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள். தாளில் பொட்டு ஐந்து ஐந்தாகத்தான் வெட்டியிருக்கும் என்பது அவளுக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்தது மனதின் வேறொரு அறையில் இருந்தது. அந்த நேரத்தில் அவள் அங்கே போகவில்லை.

*

தைப்பூசத்துக்கு முந்தின நாள், பொழுது மசங்கும் நேரத்தில் அண்ணன் போன் செய்தான். பின்னால் காவடிப் பாட்டு. எவனோ மைக்கில் அன்னதானத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"பாப்பா, காலு ரெண்டும் பழுத்துருச்சு. ஹாரன் அடிச்சது தப்புத்தான், ஒத்துக்கிறேன்."

"எங்கண்ணே இருக்கே?"

"சத்திரம் தாண்டிட்டோம். உங்க கம்பெனி ஆளுங்க பந்தல் போட்டு எல்லாரு முதுகுலயும் ஸ்டிக்கர் ஒட்டி விடறாங்க. எனக்கும் ஒட்டிட்டாங்க. எப்படி இருக்குங்கிறே? மூலைக்கு ஒண்ணு, நடுவுல ஒண்ணு. என் பலகை மாதிரியே." அவன் சிரித்தான். "இப்ப எந்த லாரியாவது என் பின்னாடி வந்தா நான் பொறுப்பில்லை, ஆமா."

சுகந்தி எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் விழுந்தது.

"அதைக் கழட்டு."

"எதை?"

"ஸ்டிக்கரை. உரிச்சு எறி. ரோட்டை விட்டு இறங்கு. அந்தப் பொட்டு இருந்தா வண்டிக்கு உன்னைத் தெரியாது. இல்லவே இல்லைன்னு நினைச்சு மேல ஏறிரும். புரியுதா?"

அவன் இருபது வருடம் அந்தச் சாலையில் ஓட்டியவன். ஒரு தடவை சொன்னதே போதுமாக இருந்தது. "எனக்கு மட்டும் இல்லை பாப்பா," என்றான். "ரோடு பூராவும் ஒட்டியிருக்கு." போனைக் கட் செய்யாமலே ஓடத் தொடங்கியிருந்தான். கொஞ்ச நேரம் அவன் மூச்சும் கத்தலும் கேட்டன. "அண்ணே, அதை உரிங்க. ஏத்தா, திரும்பு, முதுகைக் காட்டு." அப்புறம் பாட்டு மட்டும் கேட்டது.

அவள் மணிவாசகத்தின் அறைக்கு ஓடினாள். எல்லா வண்டியையும் நிறுத்தச் சொன்னாள்.

"எல்லாத்தையுமா? சாயங்காலச் சரக்கும்மா. கேரளாவுக்குப் போறது பூராவும் ரோட்டுல நிக்கும். என்ன ஆச்சு?"

"புது விதி, ஸ்டிக்கர் ஒட்டினவங்களைப் படத்துல இருந்து அழிச்சிடும். எங்க அண்ணன் அங்கதான் இருக்கான். அதே அஞ்சு பொட்டுன்னு சொன்னான்."

மணிவாசகம் போனை எடுத்தார். எண்ணை அழுத்தப் போனவர் நிறுத்தினார். "உங்க அண்ணனுக்கு எப்படிம்மா நம்ம பொட்டு தெரியும்?"

அவள் வாயைத் திறந்தாள். சொல்வதற்கு ஒரே ஒரு உண்மைதான் இருந்தது. அதைச் சொன்னால் அவன் உள்ளே போவான். பொய் ஒன்று தேடினாள், அகப்படவில்லை. ஒரு மனிதன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிக்கும் நேரம் அவள் பேசாமல் நின்றாள். பிறகு, "முதல்ல நிறுத்துங்க சார்," என்று கத்தினாள். அவர் நிறுத்தினார்.

*

முத்துக்காளை மட்டும்தான் செத்தான்.

நூறு பேர் முதுகிலாவது அவன் உரித்திருப்பான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். குடித்திருக்கிறான் என்று சிலர் அவனை அடித்திருக்கிறார்கள். ஒரு பெண்ணின் ஜாக்கெட் கிழிந்து அதற்கும் அடி. தன் முதுகில் இருந்ததை உரிக்க அவனுக்குக் கை எட்டவில்லை, நேரமும் இல்லை. உரித்ததைக் கீழே போட்டால் காற்றில் பறந்து இன்னொருவர் மேல் ஒட்டுகிறது. அதனால் ஒவ்வொன்றையும் தன் சட்டையிலேயே ஒட்டிக்கொண்டே ஓடியிருக்கிறான். நெஞ்சு, வயிறு, கை, தோள். கடைசியில் அந்தச் சாலையில் அவன் அளவுக்கு மின்னியது எதுவும் இல்லை.

குடிபோதையில் பக்தர்களிடம் தகராறு செய்தவர் அடையாளம் தெரியாத வாகனம் மோதிப் பலி என்று செய்தி வந்தது. அன்று மாலை அந்த வழியே போன லாரிகள் எல்லாம், மறுபடி கிளம்ப விட்டதும் கேரளா போய்ச் சரக்கு இறக்கி, கழுவி, திரும்பி வந்துவிட்டன. ஒவ்வொன்றின் பதிவையும் எடுத்துப் பார்த்தார்கள். எதிலும் யாரும் அடிபடவில்லை. சாலை சுத்தமாக இருந்தது.

யார் வேண்டுமானாலும் எந்தப் படத்தையும் உட்கார்ந்த இடத்தில் உருவாக்கிவிடலாம் என்று ஆன பிறகு, போனில் எடுத்ததை எந்த விசாரணையும் ஏற்பதில்லை. கண்ணால் கண்ட சாட்சியும் வண்டியின் பதிவுக்கு எதிராக நிற்காது. ஆளில்லாத வண்டி வழக்குகளில் முத்திரை வைத்த வண்டிப் பதிவு ஒன்றுதான் சாட்சி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பாண்டிச்செல்வி சுகந்தியிடம் வந்தாள். அதுவரை அழுதவள் அன்று அழவில்லை.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம் சுகந்தி. பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல குடிகாரன் மவன்னு சொல்றாங்களாம். அவரு குடிக்கலை, வண்டிதான் அடிச்சுச்சுன்னு ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, வாயைத் திறந்து சொன்னாப் போதும்."

"நான் சொல்றேன் மதினி," என்றாள் சுகந்தி.

*

விசாரணைக்கு வந்த அதிகாரி வயதானவர். ஓய்வு பெற நாலு மாதம் இருக்கிறது என்று வரும்போதே சொல்லிவிட்டார். நிறுவனத்தின் பின்பக்கத் திடலில், காலை வெயிலில், ஒரு லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்திருந்தது. கண் மட்டும் விழித்திருந்தது. அது பார்ப்பதைக் காட்டும் திரையின் முன்னால் கொட்டகையில் அதிகாரி உட்கார்ந்தார். பக்கத்தில் மணிவாசகம். பின்னால் சுவரோரம் பாண்டிச்செல்வி.

"இந்த விதியை எழுதினது நீங்களா?" என்றார் அதிகாரி.

"நான்தான் சார்."

"எதுக்கு?"

"மொபெட்ல லாரியைக் கடத்தினது எங்க அண்ணன். அவன் மாட்டிக்கக்கூடாதுன்னு எழுதினேன். வண்டியை நிறுத்தச் சொன்ன அன்னைக்கும் அதை மறைக்கப் பார்த்துக் கொஞ்ச நேரம் சும்மா நின்னேன். அந்த நேரத்துலதான் அவன் செத்தான்."

பாண்டிச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். மணிவாசகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பையிலிருந்து சுகந்தி அந்தச் சட்டையை எடுத்தாள். ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது. பொட்டுகள் அப்படியே இருந்தன. அதைப் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கி, லாரிக்கு நேர் எதிரே போய் நின்றாள்.

அசையாமல் நின்றபோது திரையில் தெரிந்தாள். அவளைச் சுற்றிப் பச்சைக் கட்டம் விழுந்தது. சேர்வதற்கு இன்னொரு லாரி கிடைத்துவிட்டதாக வண்டி நினைத்தது. கட்டையை எதிர்த்துச் சக்கரம் ஒரு முறை முனகியது. பிறகு அவள் நடக்கத் தொடங்கினாள். இரண்டாவது அடியில் பச்சைக் கட்டம் போனது. மூன்றாவது அடியில் அவள் போனாள்.

திரையில் வெறும் திடல். தூரத்தில் வேலி, வேலிமேல் ஒரு காக்கா. அதிகாரி திரையைப் பார்த்தார், தலையைத் தூக்கித் திடலைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். வெளியே ஒரு பெண் ரத்தச் சட்டையோடு லாரிக்கு முன்னால் இங்குமங்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"அவரு குடிச்சிருந்தாராங்கய்யா?" என்றாள் பாண்டிச்செல்வி.

"இல்லம்மா," என்றார் அதிகாரி. "வண்டிதான் அடிச்சிருக்கு. எனக்கு இப்பப் புரியுது." மணிவாசகத்தின் பக்கம் திரும்பினார். "இதை முத்திரை வச்சு எடுத்துக் கொடுங்க. அறிக்கையோட இணைச்சு எழுதிடறேன்."

மணிவாசகம் பதிவை முதலிலிருந்து ஓட்டினார். பச்சைக் கட்டம் வருகிறது. 'போலி' என்று ஒரு வரி வருகிறது. அந்த வரி வந்ததும், அதற்கு முன் அவள் நின்று தெரிந்த படங்களும் துடைபடுகின்றன. வேலி, காக்கா, வெயில். தொடக்கத்திலிருந்து கடைசிவரை திடலில் ஒரு ஆளும் இல்லை.

மணிவாசகம் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார். அதேதான்.

"நீங்கதான் கண்ணால பார்த்தீங்களே," என்றாள் பாண்டிச்செல்வி.

"பார்த்தேம்மா."

"அப்ப எழுதுங்கய்யா."

"நான் பார்த்ததை எழுத முடியாதும்மா. அது பார்த்ததைத்தான் எழுத முடியும்." அவர் பேனாவை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. இரண்டு மூன்று முறை அழுத்தினார்.

பாண்டிச்செல்வி முந்தானையை இடுப்பில் செருகினாள். பிறகு கொட்டகையை விட்டு இறங்கி, திடலில் நடந்துகொண்டிருந்தவளிடம் போனாள். சுகந்தி நிற்கவில்லை. நின்றால் வண்டி கிளம்பப் பார்க்கும் என்பதால் அவள் நடந்துகொண்டே இருந்தாள். பாண்டிச்செல்வியும் அவளோடு சேர்ந்து நடந்தபடியே, அவள் தோளிலிருந்து முதல் பொட்டை நகத்தால் நெம்பி உரித்துத் தரையில் போட்டாள். அப்புறம் அடுத்தது.

திரையில் ஒரு பெண் தனியாக வெயிலில் நடந்துகொண்டே, காற்றிலிருந்து எதையோ ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். வண்டி அதைப் பதிந்துகொண்டிருந்தது.